ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கீயின் உலோகப் பாகங்களில் கைக்கருவி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீயைத் தானே பிரித்துப் போட்டு வேலை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. லேத் கிடையாது, மில்லிங் மிஷின் கிடையாது, வெல்டிங் செட் கிடையாது. ஒரு வைஸ், நாலு அரம், ஒரு ஹாக்ஸா மட்டும்தான் இருக்கிறது என்பவருக்கான பதில்கள். கவாசாகி தன் முதல் ஜெட் ஸ்கீயை 1973-ல் கொண்டுவந்தது. யமஹாவின் சூப்பர்ஜெட் 1990-ல் வந்தது. இன்று வீட்டுப் பட்டறைகளில் கைபடுபவை பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களின் பழைய 2-ஸ்ட்ரோக் வண்டிகள்தான். 2017 மாடலாக வந்த கவாசாகியின் 1500 சிசி எஸ்எக்ஸ்-ஆர், 2021-ல் வந்த புது சூப்பர்ஜெட் இரண்டும் 4-ஸ்ட்ரோக். அவற்றுக்கு இஞ்சின் பற்றிய பதில்களை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிள் கிரைண்டர் இருக்கும்போது எதற்குக் கையால் ராவ வேண்டும்?

சின்ன கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கை ஒரு நொடி சறுக்கினால் வார்ப்பு அலுமினியத்தில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிடும். அரத்தை ஒரு முறை தள்ளினால் போவது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. தப்பு செய்கிறோம் என்று தெரிந்த பிறகும் நிறுத்த நேரம் இருக்கிறது. இந்த வண்டியில் கழற்றி மாட்டும் பாகங்களில் பாதிக்கு மேல் அலுமினியம். அதை ராவுவது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

இன்னொன்று, சாதாரண இரும்புக்கான சாணைக் கல்லில் அலுமினியத்தைப் பிடிக்கவே கூடாது. உலோகம் கல்லின் துளைகளில் அப்பி, சூடேறி, கல்லே வெடிக்கலாம்.

துளை போட மட்டும் பேட்டரி டிரில் வைத்துக்கொள்கிறேன். அதுவும் பாகத்தைக் கழற்றி, வண்டியிலிருந்து தள்ளி எடுத்துப்போன பிறகு.

வண்டியில் இருக்கும்போதே செய்தால் என்ன?

ஹல்லுக்குள் (வண்டியின் அடிக்கூட்டுக்குள்) பெட்ரோல் ஆவி நிற்கும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே எழும்பிப் போகாது, அடியில் குளம்போலத் தேங்கிக் கிடக்கும். ஹூடைக் கழற்றிவிட்டோம், காற்றாடுகிறது என்பதெல்லாம் போதாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், டேங்கை வெளியே எடுங்கள், பிறகு பாகத்தைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோங்கள். கழற்ற முடியாத பாகத்தில் கை அரம் மட்டும்.

எது என்ன உலோகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காந்தமும் அரமும் போதும். காந்தம் பலமாக ஒட்டினால் சாதாரண இரும்பு: பழைய ஹேண்டில்பார்கள், சில பிராக்கெட்டுகள். ஒட்டவில்லை, கையில் கனக்கிறது, அரம் வழுக்குகிறது என்றால் ஸ்டெயின்லெஸ்: போல்ட்டுகள் பெரும்பாலும் இதுதான். ஒட்டவில்லை, இலகுவாக இருக்கிறது, அரம் கடிக்கிறது என்றால் அலுமினியம்.

அலுமினியத்திலும் இரண்டு சாதி. பம்ப் கூடு, ரைடு பிளேட் (பம்ப்புக்குக் கீழே ஹல்லின் அடியில் மாட்டும் தட்டு), போல் பிராக்கெட் (ஹேண்டிலைத் தாங்கும் நீளக் கையான 'போல்' ஹல்லோடு சேரும் பிடி), எக்ஸாஸ்ட் எல்லாம் வார்ப்பு. உட்பக்கம் லேசாகச் சொரசொரப்பாக, அச்சின் கோடு தெரிய, மூலைகள் உருண்டு இருக்கும். வார்ப்பை ராவலாம், துளைக்கலாம், மரை போடலாம். வளைக்க மட்டும் முடியாது, ஒடிந்துவிடும். தகட்டிலோ பட்டையிலோ வெட்டிச் செய்து பிற கம்பெனிகள் விற்கும் பாகங்கள் வேறு வகை, தகட்டைப் பற்றிக் கீழே வருகிறது. மேலே கறுப்பு, நீலம், சிவப்பு என்று நிறம் ஏறியிருந்தால் அது அனோடைசிங். அந்த மெல்லிய தோல் கண்ணாடிபோல் கடினம். புது அரத்தை அதில் முதலில் தேய்த்துப் பல்லை மழுக்காதீர்கள். பழைய அரத்தால் தோலை எடுத்துவிட்டுப் புதியதைக் கையில் எடுங்கள்.

குறைந்தபட்சம் என்னென்ன கருவி வேண்டும்?

அசையாத வைஸ். இதில்தான் பலரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், இதில்தான் மிச்சம் பிடிக்கக் கூடாது. வைஸின் பல்லுக்கு மேல் போட இரண்டு அலுமினியத் தகட்டுத் துண்டுகள். 10 அங்குலப் பட்டை அரம், அரைவட்ட அரம், எலிவால் அரம், ஒரு செட் ஊசி அரம். ஹாக்ஸா ஃபிரேம், அங்குலத்துக்கு 18, 24, 32 பல் உள்ள பிளேடுகள். சென்டர் பஞ்ச், ஸ்கிரைபர், மூலைமட்டம், வெர்னியர், ஃபீலர் கேஜ். துளைக்குள் மரை வெட்டும் எம்6, எம்8, எம்10 டேப்கள், தலா மூன்று கொண்ட செட்டாக. சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். அரத்தின் பல்லைத் துடைக்கும் கம்பி பிரஷ். இரும்புக்குப் பயன்படுத்திய பிரஷையும் அரத்தையும் அலுமினியத்துக்கோ ஸ்டெயின்லெஸ்ஸுக்கோ கொண்டுவராதீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் அங்கே பதிந்து, ஒரு வாரத்தில் பழுப்புப் புள்ளியாகப் பூத்துவிடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்கிறது என்று வரும் புகார்களில் பாதி இந்தக் கதைதான்.

பாகத்தைக் கழற்றவே முடியவில்லை. போல்ட் அசையாமல் நிற்கிறது. என்ன செய்வது?

உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டி என்றால் இதுதான் முதல் வேலை, சில சமயம் முழு வேலையும் இதுதான். அலுமினிய மரைக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் இருக்கிறது. நடுவே உப்புத் தண்ணீர் ஏறினால் அது ஒரு குட்டி பேட்டரி. கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாக மரைக்குள் இறுகிப்போய் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது.

முறிக்கிற வேகத்தில் திருப்பாதீர்கள். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் போல்ட்டின் தலையில் நேராக நாலு தட்டு, பொடி நொறுங்குவதற்கு. பிறகு சூடு. ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் விரியும், ஸ்டெயின்லெஸ் 17 மைக்ரான்தான் விரியும். சுற்றியிருக்கும் அலுமினியம் போல்ட்டைவிட அதிகம் விரிந்து பிடியை விடும். நெருப்பு வேண்டாம், பாகம் வண்டியில் இருக்கும்போது ஹீட் கன்னும் வேண்டாம், கொதிக்கிற தண்ணீர் போதும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இம்மி, பிறகு கழற்றுகிற பக்கம். அசைந்ததும் ஒரே இழுப்பாக வெளியே கொண்டுவராதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய் என்று போங்கள்.

அரம் நாலு இழுப்பில் அடைத்துக்கொள்கிறது, கோடு கோடாகக் கீறல் விழுகிறது. ஏன்?

அலுமினியம் மிருதுவானது, பல்லுக்கிடையில் அப்பிக்கொள்ளும். அப்பிய துணுக்கு அடுத்த இழுப்பில் உலோகத்தைக் கீறுகிறது. ஒரு சாக்பீஸை எடுத்து அரத்தின் முகம் முழுவதும் பல் நிறையும்வரை தேய்த்துவிட்டு ராவுங்கள். சீவல் சாக்குத் தூளோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை கம்பி பிரஷால் பல்லின் சாய்வோடு துடைத்து மறுபடி சாக்பீஸ். பிரஷுக்கு வராமல் ஊசிபோல் நிற்கும் துணுக்கைப் பித்தளைத் தகட்டின் ஓரத்தால் தள்ளி எடுங்கள்.

அரம் வெட்டுவது முன்னால் தள்ளும்போது மட்டுமே. திரும்ப இழுக்கும்போது லேசாகத் தூக்கிவிடுங்கள். இழுக்கும்போதும் அழுத்தினால் பல்தான் தேயும். உடம்பு முழுவதும் முன்னும் பின்னும் போக வேண்டும். முழங்கை மட்டும் ஆடினால் அரம் ஊஞ்சல் ஆடி, தட்டையாக வர வேண்டிய முகம் கூன் விழுந்துவிடும். கடைசியில் அரத்தைக் குறுக்காக இரண்டு கையாலும் பிடித்து, பாகத்தின் நீளவாக்கில் இழுத்து முடித்தால் பட்டுப்போன்ற முகம் வரும். அதற்கு மேல் 240, 400 எமரி பேப்பர், ஒரு மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு.

பென்சிலால் குறித்தால் போதாதா?

அலுமினியத்தில் பென்சில் வேண்டாம். பென்சிலின் கரி கிராஃபைட். அது அலுமினியத்தோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் மேலே சொன்ன அதே பேட்டரி வேலையைச் செய்யும். விமானத் தகட்டு வேலையில் இது தடை. அதைப் படித்தபோது இவ்வளவு கெடுபிடியா என்று சிரித்தேன். என் ரைடு பிளேட்டில் துடைக்காமல் பெயின்ட் அடித்த பென்சில் கோட்டின் மேல் வரிசையாகக் கொப்புளம் வந்தபிறகு சிரிப்பு நின்றது.

வெட்டும் கோடு என்றால் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு மேலே ஸ்கிரைபரால் கீறுங்கள், மயிரிழைக் கோடு பளிச்சென்று தெரியும். வளைக்கும் கோடு என்றால் கீறக் கூடாது, மார்க்கரோடு நிறுத்துங்கள். கீறலில்தான் கிராக் தொடங்கும்.

ஹேண்டில்பார் அகலமாக இருக்கிறது. வெட்டலாமா?

வெட்டலாம், எளிதான வேலை. இருபுறமும் சம அளவு, ஒரு தடவைக்குப் பக்கத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டுங்கள். வெட்டிய நகத்தை ஒட்டவா முடியும்? வெட்டுவதற்கு முன் க்ரிப், திராட்டில் லீவர், ஸ்டாப் சுவிட்ச் மூன்றும் மீதி நீளத்தில் உட்காருமா என்று ஒட்டு டேப்பால் குறித்துப் பாருங்கள். குழாய்க்கு 32 பல் பிளேடு. எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் மாட்டி முறியும். கொஞ்சம் வெட்டி, குழாயைத் திருப்பி, மறுபடி வெட்டினால் கோணல் வராது.

வெளிப் பிசிறைப் பட்டை அரத்தாலும் உட்பிசிறை எலிவால் அரத்தாலும் எடுத்துவிட்டு, முனையில் பிளக் அடியுங்கள். திறந்த குழாய் முனைமேல் விழுந்தால் அது சதையை வட்டமாக வெட்டி எடுக்கும். ஸ்டாண்ட்-அப்பில் விழுவது விதிவிலக்கு இல்லை, தினப்படி.

எடையைக் குறைக்க போல் பிராக்கெட்டிலும் ரைடு பிளேட்டிலும் துளை போடலாமா?

கணக்கைப் பாருங்கள். 6 மி.மீ. தடிமனான அலுமினியத்தில் 20 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டால் போவது 1.9 கன சென்டிமீட்டர், அதாவது 5 கிராம். பத்துத் துளைக்கு 50 கிராம். 1990-களின் நடுவில் வந்த சூப்பர்ஜெட்டே 130 கிலோவுக்குக் குறையாது. ஹல்லுக்குள் மிச்சம் நிற்கும் ஒரு டம்ளர் தண்ணீர் அந்தப் பத்துத் துளையைவிடக் கனம்.

போல் பிராக்கெட் என்பது, நீங்கள் குதித்து இறங்கும்போது உங்கள் கையின் முழு இழுப்பையும் ஹல்லுக்குக் கொடுக்கும் பாகம். அது வார்ப்பு. துளையின் விளிம்பில் விசை குவியும், ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் ஒடியும். போல் கையில், வண்டி தூரத்தில். பிராக்கெட்டில் செய்யத் தகுந்தது ஒன்றுதான்: விரல் முட்டியைக் கிழிக்கும் கூர் விளிம்புகளையும், கேபிள் உரசும் ஓரங்களையும் 1 முதல் 2 மி.மீ. உருட்டிவிடுவது. இதைச் செய்யாத வண்டியே இருக்கக் கூடாது என்பேன்.

ரைடு பிளேட்டில் துளை போட்டால் தண்ணீரின் ஓட்டமே கெடும்.

ரைடு பிளேட்டிலும் இன்டேக் கிரேட்டிலும் (பம்ப்புக்குத் தண்ணீர் நுழையும் வாயிலின் கம்பிச் சட்டம்) கையால் என்ன செய்யலாம்?

கைவேலைக்குப் பலன் அதிகம் தெரிவது இங்கேதான். ரைடு பிளேட்டைக் கழற்றி, தண்ணீர் ஓடும் முகத்தில் வார்ப்பின் சொரசொரப்பையும் கல்லில் இடித்த மேடுகளையும் ராவி எடுங்கள். முன் விளிம்பு ஹல்லோடு சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் தட்டினால் தண்ணீரும் தட்டும். பிளேட் தாழ்ந்திருக்கிறதா, ஹல் தாழ்ந்திருக்கிறதா என்று மூலைமட்டத்தின் நேர்விளிம்பை வைத்துப் பார்த்துவிட்டு, உயர்ந்திருக்கும் பக்கத்தை மட்டும் சரிவாக ராவ வேண்டும். பின் விளிம்பை உருட்டாதீர்கள், அது கூராகவும் நேராகவும் இருக்கட்டும்.

பிளேட்டின் பின் போல்ட்டுகளில் 1 மி.மீ. வாஷர் கொடுத்துப் பின்புறத்தைத் தாழ்த்தினால் மூக்கு கீழே போகும், அலையில் நிலையாக ஓடும். முன்புறத்தில் கொடுத்தால் மூக்கு எழும், துள்ளலும் கூடும். உலோகத்தை எடுக்காமல் வண்டியின் குணத்தை மாற்றுவதால் இதை முதலில் செய்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் வாஷரைக் கழற்றிவிடலாம்.

கிரேட்டின் குறுக்குக் கம்பிகள் சதுர முகத்தோடு இருந்தால் முன் முகத்தை அரைவட்டமாகவும் பின் முகத்தை மெல்லிய வாலாகவும் ராவலாம், மீன் உடம்பைப்போல. மாட்டும்போது விளிம்பில் சீலன்ட் தாராளமாக. பம்ப்புக்குள் காற்று நுழையும் ஒரு சின்ன இடுக்கு இருந்தால்கூட, நீங்கள் ராவிய எதுவும் தெரியாது. இஞ்சின் அலறும், வண்டி நகராது.

பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இதழைக் கொஞ்சம் ராவி வேகத்தைக் கூட்டலாமா?

வேண்டாம். இதழின் கோணம், வெளி விட்டம், எடைச் சமநிலை மூன்றும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. வெளி விட்டத்தில் கை வைத்தால் வேர் ரிங்குக்கும் (இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வளையம்) இதழுக்கும் இடையிலான இடைவெளி கூடி, தள்ளுவிசை அங்கே கசிந்துவிடும். கல் அடித்துச் சுருண்ட முன் விளிம்பை மட்டும் ஊசி அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். எல்லா இதழிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். வளைந்திருந்தால் அதற்கென்று செய்பவரிடம் கொடுங்கள்.

கூடுதல் கூலிங் குழாய்க்குப் பம்ப்பில் துளை போட்டு மரை வைக்கலாமா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் பாகத்தைக் குப்பையில் போட வைக்கும் தவறுகளில் பாதி இந்த வேலையில்தான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடத்தை முதலில் உள்ளிருந்து பாருங்கள். அழுத்தம் உள்ள பகுதி இம்பெல்லருக்குப் பின்னால், நிலையான இதழ்கள் இருக்கும் கூட்டில். வெளியே தட்டையாகத் தெரிகிற இடத்துக்கு உள்ளே இதழின் வேர் இருக்கலாம், சுவர் மெலிந்தும் இருக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. வெர்னியரால் சுவரின் தடிமனைக் கண்டுபிடித்து, இரண்டு இதழ்களுக்கு நடுவில் குறியுங்கள்.

சென்டர் பஞ்ச் குழி இல்லாமல் டிரில் வைக்காதீர்கள். முதலில் 3 மி.மீ., பிறகு படிப்படியாக. குழாய் ஃபிட்டிங்குகள் பெரும்பாலும் கூம்பு மரை: எட்டில் ஒரு அங்குல என்பிடிக்கு (அந்தக் கூம்பு மரையின் தர அளவு) 8.6 மி.மீ. துளை, கால் அங்குலத்துக்கு 11.1 மி.மீ. சாதாரண போல்ட் மரைக்கு எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8, எம்10-க்கு மரை இடைவெளி 1.5 என்றால் 8.5, 1.25 என்றால் 8.8. இந்த வண்டிகளில் 1.25 இடைவெளி எம்10 உண்டு. பழைய போல்ட்டை எடுத்து அளந்துவிட்டு டேப் வாங்குங்கள்.

டேப் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், முதல் இரண்டு சுற்றுக்குள்தான் திருத்த முடியும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது சீவல் முறிகிற 'நறுக்' கைக்குத் தெரியும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் அருமையான மசகு. டேப் கனத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். முழுதாக வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி வையுங்கள். நான் ஒரு எம்6 டேப்பைப் பம்ப் கூட்டில் முறித்தது, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று நினைத்த இடத்தில். கடினமான டேப்பை டிரில் தொடாது. இரண்டு மாலை நேரம் சின்ன உளியால் துண்டு துண்டாக நொறுக்கி எடுத்தேன். துளை எம்8 ஆனது.

கூம்பு மரையில் இன்னொரு பொறி. டேப்பை முழுக்க ஓட்டிவிட்டால் துளை பெரிதாகி, ஃபிட்டிங் இறுகாமலே உள்ளே போய்விடும். கொஞ்சம் வெட்டு, ஃபிட்டிங்கைக் கையால் வைத்துப் பார், இன்னும் கொஞ்சம் வெட்டு. கையால் மூன்று நாலு சுற்று போய் நின்றால் டேப்பைக் கீழே வையுங்கள். ஸ்பேனரால் இறுக்குவதிலும் அடக்கம் வேண்டும், கூம்பு ஆப்புபோல் வேலை செய்து வார்ப்பைப் பிளந்துவிடும்.

பழைய மரை தேய்ந்து போல்ட் வழுக்குகிறது. பெரிய போல்ட் போட்டுவிடலாமா?

சுவர் தாங்கினால் போடலாம். என் விருப்பம் கம்பிச் சுருள் இன்சர்ட், ஹெலிகாயில் என்று கேட்டால் கிடைக்கும். எம்6-க்கு 6.3 மி.மீ. துளை, செட்டில் வரும் தனி டேப், பிறகு சுருள். ஸ்டெயின்லெஸ் சுருள் அலுமினியத்தில் உட்கார்ந்தபின் மரை முன்பைவிடப் பலம். சுருளின் மேல் முனை பாகத்தின் முகத்துக்கு அரைச் சுற்றாவது கீழே இருக்க வேண்டும், வாலை மறக்காமல் உடைத்து எடுக்க வேண்டும். அலுமினியத்தில் போல்ட் கடிக்கும் ஆழம் அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

தகட்டில் சின்ன பிராக்கெட் செய்து வளைத்தேன், வளைவில் வெடித்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் 6061-டி6 தகடாக இருக்கும். பலமானது, வளைக்க அடம்பிடிக்கும். 5052-எச்32 கேட்டு வாங்குங்கள்; வளையும், கடல் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். 5052-ஐத் தடிமனைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் வளைக்கலாம். டி6-க்கு மூன்று மடங்குக்கு மேல் தேவை. வைஸின் கூர் விளிம்பில் வளைக்காமல், உருட்டிய மரக்கட்டையோ குழாய்த் துண்டோ வைத்து அதன்மேல் வளையுங்கள். வளைவின் இரு ஓரத்திலும் வெட்டுப் பிசிறை முன்கூட்டியே வழவழப்பாக ராவிவிடுங்கள். தகடு உருட்டிய திசைக்குக் குறுக்கே வளைப்பது நல்லது.

ஸ்டெயின்லெஸ் தகட்டில் டிரில் ஏறவே மாட்டேன் என்கிறது.

வேகத்தைக் குறையுங்கள், அழுத்தத்தைக் கூட்டுங்கள், வெட்டு எண்ணெய் விடுங்கள். அழுத்தாமல் சுற்றவிட்டால் அந்த இடம் தேய்ந்து இறுகிக் கடினமாகிவிடும், அப்புறம் கோபால்ட் டிரில்லும் கும்பிடு போடும்.

சிலிண்டர் ஹெட் லேசாக வளைந்திருக்கிறது. கண்ணாடிமேல் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். 10 மி.மீ. கண்ணாடி, அதன்மேல் ஒட்டிய 220, பிறகு 400 எமரி, மண்ணெண்ணெய். ஹெட்டின் முகத்தில் மார்க்கரால் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுக்கொண்டு, அழுத்தாமல், எட்டுப் போடுவதுபோல் நகர்த்துங்கள். இருபது சுற்றுக்கு ஒருமுறை ஹெட்டைக் கால்வட்டம் திருப்புங்கள், கையின் சாய்வு ஒரே பக்கம் தின்னாமலிருக்க. மேட்டில் கோடு அழியும், பள்ளத்தில் நிற்கும். கடைசிக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். பளபளக்கிறதே, இன்னும் கொஞ்சம் என்ற ஆசைதான் ஆபத்து.

ஏனென்றால் எடுத்த ஒவ்வொரு துளியும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கிறது. மாட்டியபின் ஸ்பார்க் பிளக் துளைவழியே சாலிடர் கம்பியைச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, கையால் இஞ்சினைச் சுற்றி, நசுங்கிய முனையை வெர்னியரால் அளந்து பாருங்கள். 1 மி.மீ.யை நெருங்கினால் தடிமனான கேஸ்கெட் தேவை, இல்லாவிட்டால் நாக்கிங் வந்து பிஸ்டன் பொத்தலாகும். ஓ-ரிங் வைத்த ஹெட்டுகளை இப்படித் தேய்க்கவே கூடாது, பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடும்.

போர்ட்டை (சிலிண்டருக்குள் வாயு போய்வரும் துளை) கையால் பெரிதாக்கலாமா?

கேஸ்கெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே நிற்கும் படியை அரைவட்ட அரத்தால் சமப்படுத்துவது வரை சரி. கேஸ்கெட்டை வைத்து ஓரத்தைக் கீறி, கோடு வரை ராவி, உள்ளே 15, 20 மி.மீ. சரிவாகக் கலந்துவிடுங்கள். அதோடு விடாமல் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு, அப்புறம் டிரான்ஸ்ஃபர் போர்ட் என்று போனால் ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதையாகிவிடும். விளிம்பு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே இஞ்சினின் நேரக்கணக்கு மாறுகிறது. சாய்வு மழுக்காத கூர் விளிம்பு பிஸ்டன் ரிங்கைப் பிடித்து இழுக்கும்.

வேலை நடக்கும் துளைகளை கிரீஸ் தடவிய துணியால் அடையுங்கள். வெறும் துணியில் விழுந்த தூள் துணியை எடுக்கும்போது உள்ளே கொட்டும், கிரீஸில் விழுந்தது ஒட்டிக்கொள்ளும். கிராங்க் பேரிங்குக்கு ஒரு துணுக்கு போதும்.

பாகத்தில் மெல்லிய கிராக் தெரிகிறது. துளை போட்டு நிறுத்தலாமா?

கிராக்கின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் பரவுவது தாமதமாகும். ஹூட் பிராக்கெட் மாதிரி பாரம் இல்லாத இடத்துக்கு அது போதும். போல் பிராக்கெட், இஞ்சின் மவுண்ட், ஸ்டியரிங் நாசில் என்றால் பாகத்தை மாற்றுங்கள்.

வேலை முடிந்தது. பளபளப்பாகவே விட்டுவிடலாமா?

நன்னீர் மட்டும் என்றால் விடலாம். உப்புத் தண்ணீர் என்றால் தோல் உரிந்த இடத்தை மூடியே ஆக வேண்டும். அசிட்டோனால் துடைத்து, அன்றைக்கே எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ அடித்து, மேலே பெயின்ட். மறுநாள் அடிக்கலாம் என்று வைத்தால் அதற்குள் புது ஆக்சைடு படிந்து பெயின்ட் உரியும்.

போல்ட்டுகளுக்கு இரண்டு வழி, இரண்டில் ஒன்றுதான். அடிக்கடி கழற்றும் போல்ட்டுக்குக் கடல்வகை ஆன்டி-சீஸ். செம்பு கலந்தது வேண்டாம், நிக்கல் வகை பாருங்கள். ஆடிக் கழலக்கூடாத போல்ட்டுக்கு நீல நிற திரெட் லாக்கர். அது மரையின் இடுக்கை நிரப்புவதால் தண்ணீரையும் உள்ளே விடாது. புது போல்ட் வாங்கினால் 316 வகை, தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும்.

போட்டியில் ஓட்டப் போகிறேன். இந்த மாற்றங்கள் செல்லுமா?

ஐஜேஎஸ்பிஏ (ஜெட் ஸ்கீ போட்டிகளுக்கான சர்வதேசச் சங்கம்) விதிகளில் ஸ்டாக், லிமிடெட் என்று பல பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவில் அனுமதித்த ராவல் இன்னொன்றில் வெளியேற்றக் காரணம். அரத்தை எடுக்கும் முன் உங்கள் பிரிவின் விதியைப் படியுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஹல்லைத் தலைகீழாக்காமல் துடைத்து, காந்தத்தையும் ஈரத் துணியையும் ஓட்டி, தூள் எதுவும் மிச்சமில்லை என்று பாருங்கள். 'போல்' மேலே, கீழே, ஹேண்டில் இடம், வலம் என்று எல்லா நிலையிலும் திராட்டில் லீவரை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று திரும்ப வேண்டும். கையில் கட்டும் ஸ்டாப் கயிற்றை இழுத்தால் இஞ்சின் நிற்கிறதா என்று கரையில் சோதியுங்கள். குழாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும்போது முதலில் இஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இஞ்சின். தலைகீழாகச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு, கரையேற்றி, கை வைத்த ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றாவது கால் சுற்று இறங்கும், பெரும்பாலும் ரைடு பிளேட்டின் பின் இடது போல்ட்.